பத்திர எழுத்தரின் நாலு மைல்

என் வயிறு முன்னால் வந்துவிட்டது என்பதை எனக்கு முதலில் எடுத்துச் சொன்னது ஒரு முத்திரைத் தாள்தான். ஐம்பதுகளின் கடைசி அது. திண்டுக்கல்லில் பத்திரப் பதிவு ஆபீசுக்கு எதிரே, ஓட்டுச் சார்ப்பின் கீழே பாயை விரித்து, சாய்வு மேசையை மடிக்கு முன்னால் இழுத்துப் போட்டுச் சம்மணமிட்டுப் பத்திரம் எழுதுவது என் தொழில். ஒரு நாள் கிரயப் பத்திரம் ஒன்றின் கடைசி வரியை முடித்துவிட்டு, மை ஒற்றும் தாளை எடுக்க எட்டிக் கை நீட்டினேன். நிமிர்ந்தபோது காயாத நாலு வரி என் சட்டையில் ஏறியிருந்தது. எழுதி வாங்க வந்த பெரியவர் தாளைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார். "ஐயாவுக்குத் தொழில் நல்லாத்தான் நடக்குது போல" என்றார். கேலி இல்லை, மரியாதையாகத்தான் சொன்னார். அந்தக் காலத்தில் வயிறு என்பது ஒருவனுடைய வசதிக்கு அத்தாட்சி.

எனக்கு நாற்பத்து நாலு வயது. சட்டை கெட்டதைப் பற்றிக்கூட நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். ஆனால் ஆறு மாதமாகத் தீராத தாகம். செத்த நேரத்துக்கு ஒரு தரம் கொல்லைக்கு எழுந்து போக வேண்டியிருந்தது. அங்கே சாக்கடை ஓரத்தில் எறும்பு மொய்க்க ஆரம்பித்தது. அந்த எறும்பை நான் முன்பே பார்த்திருக்கிறேன். என் அப்பா இருந்தபோதும் அதே இடத்தில் மொய்த்தது. அவரும் பத்திர எழுத்தர். நான் எழுதிக்கொண்டிருந்த மேசையே அவருடையதுதான். அவர் பெருவிரலில் ஒரு கருவேல முள் குத்தியது. புண் ஆறவில்லை. மேலே ஏறியது. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதற்குப் பிறகும் ஏறி, நாற்பத்தேழு வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். முள்ளைத் திட்டினோமே தவிர, எறும்பையும் காலையும் எங்கள் வீட்டில் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

டாக்டரிடம் போய் இதையெல்லாம் சொன்னேன். அவர் என் கண் முன்னாலேயே சோதனை செய்தார். ஒரு கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் நீல மருந்து. அதில் என் சிறுநீர் எட்டுச் சொட்டு. ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். கொதித்ததும் நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, கடைசியில் செங்கல் பொடியைக் கரைத்த மாதிரி ஆகிவிட்டது. நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். செங்கல் நிறம் வந்தால் கனக்க இருக்கிறது என்று அர்த்தம். நான் பயந்த சுபாவக்காரன்தான். ஆனால் ஒன்று எப்படி நடக்கிறது என்று பார்க்கத் தொடங்கிவிட்டால் பயம் மறந்துபோகும். "ஐயா, இன்னொரு தரம் செஞ்சு காட்ட முடியுமா?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மருந்தும் விளக்கும் தாரேன், வீட்டுலயே வாரம் ஒருக்கப் பாருங்க. சோத்தைக் கொறைங்க, இனிப்பை விடுங்க. தினம் நாலு மைல் வேகமா நடங்க. உக்காந்தே இருந்தா உங்கப்பா போன வழிதான்" என்றார்.

ஒன்றைப் பார்க்கத் தொடங்கினால் மற்றதை மறந்துவிடும் என் குணத்தால் வந்த வினையைத்தான் இங்கே எழுத உட்கார்ந்திருக்கிறேன். என் காலைக் காப்பாற்றிக்கொள்ள நடக்கப் போய், எனக்கு ஒரு கெடுதலும் செய்யாத இரண்டு பேருடைய வெங்காயத்தைத் தண்ணீரில்லாமல் காயப்போட்டேன்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் என் மனைவி அழவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். "இது நம்ம ரெண்டு பேரோட நிக்கட்டும். மகளுக்கு வரன் பாத்துக்கிட்டு இருக்கோம். பொண்ணோட அப்பாவுக்கும் இது, அதுக்கு முந்தி தாத்தாவுக்கும் இதுன்னு தெரிஞ்சா எவன் வந்து வாசல்ல நிப்பான்?" என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் என் தட்டில் கேப்பைக் களியும் மற்றவர்கள் தட்டில் சோறும் விழுந்தன. கேட்டவர்களுக்கு, "அவுகளுக்குக் களின்னா உசுரு" என்று சொல்லிவைத்தாள். எனக்குக் களியைக் கண்டாலே ஆகாது.

நடை அதைவிடச் சிரமமாக இருந்தது. கால் வலியைச் சொல்லவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் ஒருவன் சும்மா நடக்க முடியாது. பொழுது விடியும்போது தாடிக்கொம்பு சாலையில் குடையும் கையுமாகப் போனால், எதிரே வருகிற ஒவ்வொருவரும் நின்று கேட்பார்கள். பூக்கூடைக்காரம்மா கேட்பார். கட்டை வண்டிக்காரர் வண்டியையே நிறுத்திக் கேட்பார். "வெள்ளனா எங்க கெளம்பிட்டீக?" அதற்கு ஒரு பதில் இருந்தே ஆக வேண்டும். "சும்மாதான்" என்று முதல் நாள் சொல்லிப் பார்த்தேன். வீட்டில் சண்டையா என்று பூக்கூடைக்காரம்மா அக்கறையாக விசாரித்தார். மறுநாள் பெருமாள் கோயிலுக்கு என்றேன். சனிக்கிழமை அது செல்லுபடியாயிற்று. செவ்வாய்க்கிழமையும் அதையே சொன்னபோது, "என்ன வேண்டுதலுங்க ஐயா, இம்புட்டுப் பெருசா?" என்று கேள்வி வேறு பக்கம் திரும்பியது. கடைசியில் என் வாயில் தானாக ஒரு பதில் வந்தது. "ஒரு இடம் பாக்கப் போறேன்." கேட்டவர் தலையை ஆட்டிவிட்டு வழிவிட்டார். பத்திர எழுத்தன் இடம் பார்க்கப் போவதில் என்ன அதிசயம்? அப்பாடா என்று இருந்தது. அதற்குப் பிறகு எல்லோரிடமும் அதையே சொன்னேன்.

சொன்னதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நிஜமாகவே இடம் பார்க்கவும் ஆரம்பித்துவிட்டேன்.

பத்து நாள் நடந்த பிறகு ஒரு காலையில், சாலையை விட்டு இறங்கும் வண்டிப் பாதையின் முனையில் மூச்சு வாங்க நின்றேன். பாதைக்குத் தெற்கே ஒரு தோட்டம். அதன் கிழக்கு வரப்பில் மொட்டையாக ஒரு ஒற்றைப் பனை. மேற்கே ஓடை. நடுவில் கிணறு. இந்த இடத்துக்கு நான் வந்ததே இல்லை, ஆனால் எனக்கு இது தெரியும் என்று தோன்றியது. பிறகு பிடிபட்டது. 'வண்டிப் பாதைக்குத் தெற்கு, ஒற்றைப் பனைக்கு மேற்கு, ஓடைக்குக் கிழக்கு' என்று நாலு மாலையும், அதாவது நாலு பக்கத்து எல்லையையும், என் கையால் எழுதியிருக்கிறேன். ஐந்து வருஷத்துக்கு முன் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு எழுதிய பாகப்பிரிவினைப் பத்திரம். வடபாதி அண்ணனுக்கு, தென்பாதி தம்பிக்கு, கிணறு பொதுவில்.

இருபத்திரண்டு வருஷமாக இந்தச் சமவெளி முழுவதையும் நான் எழுதியிருக்கிறேன். பனை, புளி, பாறை, பள்ளம் எல்லாம் என் கையெழுத்தில் இருக்கின்றன. ஒன்றையும் கண்ணால் பார்த்ததில்லை. பாயிலிருந்து எழுந்தால்தானே பார்ப்பதற்கு. எழுதியது எழுதியபடியே மண்ணில் நின்றதைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பனையைத் தொட்டுக்கூடப் பார்த்தேன். பிறகு தினம் ஒரு பத்திரத்தை மனதில் எடுத்துக்கொண்டு அதன் நாலு மாலைத் தேடிப் போனேன். ஒரு இடத்தில் புளிய மரம் போய்ச் சாம்பல் மேடு இருந்தது. இன்னொரு இடத்தில் நான் 'பள்ளம்' என்று எழுதியது ஆள் இறங்கினால் தெரியாத அளவுக்கு ஆழமாக இருந்தது. நாலு மைல் எப்போது முடிந்தது என்று தெரியாமல் ஐந்தும் ஆறும் நடந்தேன். திங்கட்கிழமைதோறும் கொல்லையில் விளக்கைப் பற்றவைத்துக் குழாயைக் காட்டுவேன். செங்கல் மஞ்சளாயிற்று. மஞ்சள் ஒரு திங்கட்கிழமை பச்சைக்கு வந்தது. என் மனைவி குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அன்றைக்குக் களியோடு தொட்டுக்கொள்ள இரண்டு வெஞ்சனம் இருந்தது.

அந்த அண்ணன் தம்பி தோட்டம்தான் எனக்குப் பிடித்தமானது. வாரத்தில் மூன்று நாள் அங்கேதான் போவேன். சாலையில் மைல்கல் உண்டு, வரப்பில் கிடையாது. அதனால் அடியை எண்ணிக்கொண்டே வரப்பைச் சுற்றுவேன். முணுமுணுவென்று எண்ணுவது என் வழக்கம். இரண்டு பேரும் சின்ன வெங்காயம் போட்டிருந்தார்கள். கிணற்றில் கமலை இறைப்பு. பெரிய வாளி போன்ற கூனை நிறையத் தண்ணீரை மாடுகள் சரிவில் இறங்கி இழுக்கும், மறுபடி பின்னால் ஏறும். அண்ணனிடம் ஒரு மாடு, தம்பியிடம் ஒரு மாடு. இரண்டையும் ஒரே நுகத்தில் பூட்டி ஒரு நாள் அண்ணன் பாதிக்கு, ஒரு நாள் தம்பி பாதிக்கு இறைப்பார்கள். மாட்டை ஓட்டுவது பெரும்பாலும் தம்பிதான். குச்சி போல ஒல்லியான ஆள், நாற்பது வயது இருக்கும். சரிவில் இறங்கியும் ஏறியும் அவர் ஒரு காலையில் நடக்கும் தூரத்தை நான் ஒரு வாரத்தில் நடக்கமாட்டேன். எட்டி நின்று கும்பிடுவார். நானும் கும்பிடுவேன். பேசியதில்லை.

பங்குனி வெயில் ஏறிய சமயம். ஒரு காலையில் போனபோது கமலைச் சத்தம் இல்லை. அடுத்த தடவையும் இல்லை. வாய்க்கால் வெடித்துக் கிடந்தது. வெங்காயத் தாள் நுனி மஞ்சளாகித் தலை சாய்ந்திருந்தது. அண்ணன் மாடு வடக்கு மூலையில் கட்டியிருந்தது, தம்பி மாடு தெற்கு மூலையில். கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். இருந்தது. தண்ணீர் இருந்தும் ஏன் இறைக்கவில்லை என்று வெகு சுவாரசியமாக யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். இப்போது நினைத்தாலும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

அன்று மத்தியானம் அண்ணன்காரர் என் பாய்க்கு வந்தார். பெரிய மீசை, ஐம்பதைத் தாண்டியவர். துண்டை இடுப்பில் கட்டாமல் தோளிலேயே போட்டிருந்தார்.

"எழுத்தரையா, எந்தம்பி பங்கை யாருக்கு எழுதுறீக?"

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். நிலம் கைமாறும்போது வாங்குகிறவன் நேரில் வரமாட்டான், எழுத்தரை அனுப்பி வரப்பை அளந்து பார்ப்பான் என்பது ஊரறிந்த சங்கதி. நான் ஒரு மாதமாக வந்து வரப்பைச் சுற்றுகிறேன், அடி எண்ணுகிறேன், பனையைத் தொட்டுப் பார்க்கிறேன், கிணற்றை எட்டிப் பார்க்கிறேன். இடம் பார்க்கப் போவதாக நானே என் வாயால் வண்டிக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். ஆக, தம்பி தனக்குத் தெரியாமல் விற்கிறான். நாளைக்கு எவனோ ஒருவன் கிணற்றில் பாதிக்கு வந்து நிற்பான். அதனால்தான் தன் மாட்டைத் தனியாகப் பிரித்துக் கட்டிவிட்டாராம்.

"அப்படியெல்லாம் இல்லண்ணே. யாருக்கும் எழுதல."

"நீங்க அதத்தான சொல்லுவீக" என்று எழுந்து போய்விட்டார்.

சாயங்காலம் தம்பிக்காரர் வந்தார். அதே கேள்வி, திருப்பிப் போட்டு. அண்ணன் பழைய பத்திரத்தை உடைத்து மறுபாகம் கேட்கப்போகிறார், அதற்குத்தான் நான் அளக்கிறேன் என்று அவருக்கு எண்ணம். அவரிடமும் இல்லை என்றேன். அவரும் நம்பவில்லை. ஒரு கட்சிக்காரன் ரகசியத்தை இன்னொருவனிடம் சொல்லாதவன் என்று இருபத்திரண்டு வருஷமாக நான் எடுத்த நல்ல பெயர் அன்றைக்கு எனக்கு எதிராகவே நின்றது. நான் இல்லை என்று சொல்லச் சொல்ல அவர்களுக்குச் சந்தேகம் கூடியது.

உண்மையான காரணத்தைச் சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். மகள் கல்யாணத்தை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். பயந்தவன் செய்கிறதைச் செய்தேன். மறுநாளிலிருந்து தாடிக்கொம்பு சாலையை விட்டுவிட்டு ஆத்தூர்ப் பக்கம் நடந்தேன். நான் போகாவிட்டால் இருவரும் சமாதானமாகிவிடுவார்கள் என்று நினைத்தேன். நாலாம் நாள் அந்தப் பக்கத்துத் தேங்காய் வியாபாரி ஒருவர் பத்திரம் எழுத வந்தவர் பேச்சுவாக்கில் சொன்னார். எழுத்தர் வருவது நின்றுவிட்டதால் காரியம் முடிந்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்களாம். இரண்டு பேரும் வருகிற சந்தைக்குத் அவரவர் மாட்டை ஓட்டிப் போய் விற்பதாக இருக்கிறார்களாம். ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு கமலை இறைக்க முடியாது. ஜோடி பிரிந்தால் அந்த வெள்ளாமை மட்டுமல்ல, அடுத்ததும் இல்லை.

அன்று என்னால் ஒரு வரியும் ஒழுங்காக எழுத முடியவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பாயை விரித்துப் படுத்துவிட்டாள். காலையில் நான் குடையை எடுக்கப் போனபோது பக்கத்தில் ஒரு மஞ்சள் பை இருந்தது. உள்ளே ஸ்பிரிட் விளக்கு, தீப்பெட்டி, நீல மருந்து, பழைய சேலைத் துணியில் சுற்றிய கண்ணாடிக் குழாய்.

"வாயால சொன்னா நம்பமாட்டாக. கண்ணுல காட்டிட்டு வாங்க" என்றாள். பிறகு, "நம்ம மகளுக்கு வாரவன் எப்படியும் வருவான்" என்றாள். அவள் குரலில் அந்த நம்பிக்கை இல்லை. இருந்தும் சொன்னாள்.

கிணற்றடியில் இரண்டு பேரையும் கூப்பிட்டு நிறுத்தினேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். எனக்குச் சர்க்கரை வியாதி, டாக்டர் நடக்கச் சொன்னார், அதைத் தவிர உங்கள் நிலத்தில் எனக்கு ஒரு ஜோலியும் இல்லை என்றேன். "வயித்தக் கரைக்கவா இம்புட்டுத் தூரம் வந்தீக?" என்று அண்ணன்காரர் கேட்டார். நம்பவில்லை. பனைக்குப் பின்னால் போய்விட்டு வந்து, எட்டுச் சொட்டு எண்ணி விட்டு, கமலைக் கல்லின் மேல் விளக்கை வைத்துக் குழாயைக் காட்டினேன். எந்தப் பத்திரத்துக்கும் சாட்சி இரண்டு பேர் வேண்டும். இதற்கும் இரண்டு பேர் குனிந்து பார்த்தார்கள். நீலம் கொதித்துப் பச்சையாயிற்று. முன்பு செங்கல் நிறமாக இருந்ததையும், இந்த வரப்பைச் சுற்றிச் சுற்றித்தான் பச்சைக்கு வந்ததையும் சொன்னேன். நிலம் வாங்கும் ரகசியத்தை மறைக்க எவனும் இந்த வேலை செய்யமாட்டான் என்று அவர்களுக்கே தெரிந்துவிட்டது. தம்பிக்காரர் முதலில் சிரித்தார். அண்ணன்காரர் மீசையைத் தடவிக்கொண்டே, "எனக்கும் பாருங்க" என்றார்.

அவருடையது நீலமாகவே நின்றது. "ஒண்ணும் இல்லண்ணே, சுத்தம்" என்றேன். நிறம் மாறாததில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம் போலிருந்தது.

"அப்ப எனக்கு?" என்றார் தம்பிக்காரர்.

எனக்குப் பயமே இல்லை. தினம் அத்தனை தூரம் நடக்கிற ஆள், உடம்பில் சதையே கிடையாது. என்ன நிறம் வரும் என்று பார்க்கிற ஆசைதான் இருந்தது. விளக்கில் காட்டியவுடனே பச்சை, மஞ்சள் எல்லாவற்றையும் தாண்டிச் செங்கல் பொடியாகக் கெட்டியாகிவிட்டது.

"எனக்குத்தான் நல்ல செவப்பு" என்றார் அவர் சந்தோஷமாக.

அண்ணன்காரர் குழாயைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லுங்க" என்றார். சொன்னேன். எறும்பு மொய்க்கிறதா என்று கேட்டேன். தொழுவத்து ஓரத்தில் இரண்டு வருஷமாக மொய்க்கிறது என்றார் தம்பிக்காரர். அவர் பாதத்தைக் குனிந்து பார்த்தேன். முள்ளும் கல்லும் ஏறிய வெறுங்கால். என் அப்பாவின் கால் நினைவுக்கு வந்தது. முள் குத்தி அப்பா காலை இழந்த கதையைச் சொல்லும்போதே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அண்ணன்காரர் விறுவிறுவென்று வடக்கு மூலைக்குப் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். தன் மாட்டை அவிழ்த்து ஓட்டிவந்து நுகத்தடியில் நிறுத்தினார். "ஏலே, உம் மாட்டைக் கொண்டா. இன்னைக்கு ஒம் பாதிக்குப் பாயட்டும். செருப்பு வாங்கித் தாரேன், போட்டுக்கிட்டு ஓட்டு" என்றார். தம்பிக்காரர் மாட்டை அவிழ்க்கப் போகும் முன் என் அருகில் வந்தார். "ஐயா, வெளிய சொல்லிராதீக. எனக்கும் ஒரு பொம்பளப் புள்ள இருக்கு" என்றார். நான் அவரிடம் கேட்க வந்ததும் அதையேதான்.

மறுநாள் அவரை டாக்டரிடம் கூட்டிப்போனேன். நாள் முழுக்க நடக்கிற மனிதருக்கு இது ஏன் வந்தது என்று கேட்டேன். "அது தெரிஞ்சா நான் ஏன் இந்த ஊர்ல உக்காந்திருக்கேன்" என்றார் டாக்டர். வெங்காயத்தில் பாதிதான் பிழைத்தது. அவர்கள் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எங்கள் சங்கதியும் அந்தக் கிணற்றடியை விட்டு வெளியே போகவில்லை. ஆவணியில் என் மகள் கல்யாணத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்து ஒரே வண்டியில் வாழைத்தாரோடு வந்து இறங்கினார்கள்.

அப்பா போன வயதைத் தாண்டிப் பல வருஷம் நான் அந்தச் சாலையில் நடந்தேன். திங்கட்கிழமைதோறும் மஞ்சள் பையோடு கிணற்றடிக்குப் போய்விடுவேன். கமலைக் கல்லின் மேல் மூன்று குழாய்களை வரிசையாக வைப்போம். என்னுடையது பச்சைக்கும் மஞ்சளுக்கும் போய்வரும். தம்பிக்காரருடையது சில வாரம் மஞ்சள், பல வாரம் செங்கல். அண்ணன்காரருடையது என்றைக்கும் நீலம்தான். மருந்து வீண் என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "இருக்கட்டும், அவன் மட்டும் எதுக்குத் தனியாப் பாக்கணும்" என்றார். ஒரு திங்கட்கிழமைகூட அவர் தவறவில்லை.